நான்கு மணித் தாய், ஐந்தரை மணி மகன்

அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே நாவல் எழுத முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஆங்கில இலக்கிய வாசகர்கள் சுட்டிக்காட்டும் பெயர் ஆண்டனி டிரோலப். பிரிட்டிஷ் தபால் துறையில் 1834 முதல் 1867 வரை 33 ஆண்டு வேலை பார்த்தவர். வேலையில் இருந்தபோதும் அதை விட்ட பிறகுமாக 47 நாவல்கள் எழுதியவர். விடியற்காலையில் எழுந்து, கடிகாரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதிய அவருடைய வழக்கம் எழுத்துப் பயிற்சி நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்படுகிறது. அப்படி எழுதிய ஒருவரை அவர் தம் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார் என்பதை அந்த நூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவர் பார்த்தது தன் தாயை.

ஃபிரான்சஸ் டிரோலப்பின் முதல் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 53. கடைசிப் புத்தகம் 1856-இல் வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் 41 புத்தகங்கள். பாகங்களாக எண்ணினால் 114 என்று மகன் கணக்குச் சொல்கிறார். மகன் காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்தார் என்றால் தாய் நான்கு மணிக்கே வந்துவிடுவார்.

நேரமில்லாமல் தவிக்கும் எழுத்தாளரிடம் நாம் எப்போதும் மகனின் கால அட்டவணையைத்தான் நீட்டுகிறோம். தாயின் வாழ்க்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த அட்டவணை யார் யார் தோளில் நின்றது என்பது புலப்படும். இந்த ஒப்பீட்டுக்கு அதுவே காரணம்.

ஃபிரான்சஸைப் பேனா எடுக்க வைத்தது கடன். கணவர் தாமஸ் ஆண்டனி டிரோலப் வழக்கறிஞர், நல்ல படிப்பாளி. ஆனால் ஓயாத தலைவலியும் முன்கோபமும் அவருடைய கட்சிக்காரர்களை விரட்டிவிட்டன. லண்டனுக்கு அருகே ஹாரோவில் குத்தகைக்கு எடுத்த பண்ணையும் நஷ்டத்தில் போனது. 1827-இன் இறுதியில் ஃபிரான்சஸ் தம் பிள்ளைகளில் மூவரை அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஓஹையோவின் சின்சினாட்டி நகரில் ஒரு பெரிய கட்டடம் எழுப்பி வணிகம் தொடங்கினார். அதுவும் மூழ்கியது. 1831-இல் இங்கிலாந்து திரும்பியபோது அவர் கையில் மிஞ்சியவை அங்கே எழுதிவைத்த குறிப்பேடுகள்தாம். அவற்றிலிருந்து பிறந்த 'டொமெஸ்டிக் மேனர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன்ஸ்' 1832 மார்ச்சில் வெளியாகி ஒரே வீச்சில் அவரைப் பிரபலமாக்கியது. அமெரிக்கர்களுக்கு அந்தப் புத்தகத்தின்மேல் வந்த கோபமே அதை மேலும் விற்றது. அதே ஆண்டில் முதல் நாவலும் வந்துவிட்டது.

ஆனாலும் கடன் தீரவில்லை. 1834-இல் ஜப்திக்கு ஆள் வந்தது. அன்று காலை தந்தையை வண்டியில் ஏற்றி லண்டன் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தது 18 வயது ஆண்டனி. கடனுக்குக் கைதாகாமல் இருக்கத் தந்தை கப்பலேறி பெல்ஜியம் போக வேண்டியிருந்தது. மகன் திரும்பி வந்தபோது வீட்டுச் சாமான்களை அதிகாரிகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னச் சின்னப் பொருள்களை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலி இடுக்கு வழியாகக் கடத்திக் காப்பாற்றினார்கள். குடும்பம் பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில் ஒதுங்கியது.

அந்த வீட்டில் நடந்ததுதான் என்னை இந்தப் பெண்மணியிடம் கட்டிப்போட்டது. இரண்டாவது மகன் ஹென்றிக்குக் காசநோய். கணவரும் உடல் தளர்ந்துவிட்டார். கடைசி மகள் எமிலிக்கும் அதே நோயின் அறிகுறிகள். மூவருக்கும் மருந்து கொடுத்து, உணவூட்டி, அவர்கள் எரிச்சலைத் தாங்கி, பொழுதெல்லாம் படுக்கை விட்டுப் படுக்கை நடந்தவர் ஃபிரான்சஸ். வீட்டுச் செலவுக்கு வேறு வருமானம் இல்லை. ஆகவே நோயாளிகள் கண்ணயர்ந்த பிறகு, பச்சைத் தேநீர் குடித்து விழித்திருந்து எழுதினார். அவர் எழுதியது சோகக் கதைகள் அல்ல; பதிப்பாளர் கேட்டது வாசகர் விரும்பும் கலகலப்பான நாவல், அதையே கொடுத்தார். ஹென்றி 1834 டிசம்பரில் இறந்தார். கணவர் 1835 அக்டோபரில். எமிலி 1836 பிப்ரவரியில். இந்தக் காலத்தில் ஒரு ஆண்டுகூட அவர் புத்தகம் வராமல் போகவில்லை. 1834-இல் பெல்ஜியம் பற்றிய பயண நூல், 1835-இல் ஒரு நாவல், 1836-இல் பாரிஸ் பற்றிய நூலும் அமெரிக்க அடிமை முறையைச் சாடும் நாவலும்.

மருந்துப் புட்டிகளும் மைப்புட்டியும் ஒரே அறையில் இருந்ததை ஆண்டனி தம் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். பலவித நிலைமைகளில் நாவல் எழுதிய தம்மால், சாகும் மகனின் படுக்கையருகே இருந்துகொண்டு ஒன்று எழுதியிருக்க முடியுமா என்பது சந்தேகமே என்றும் ஒப்புக்கொள்கிறார். இந்த ஒப்பீட்டில் தாயின் பக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் கிடையாது. சொல்பவர் ஒழுங்குக்குப் பேர்போன அதே மகன்.

இங்கே கணவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வீட்டில் நாள் முழுவதும் மேசையில் உட்கார்ந்து எழுதியவர் அவர்தான். கிறித்தவ சமயச் சொற்களுக்கு ஒரு பெரிய கலைக்களஞ்சியம் தொகுத்துக்கொண்டிருந்தார். முதல் பாகம் மட்டும் 1834-இல் அச்சானது. மீதி அவரோடு போனது. ஓய்வும் தனி அறையும் படிப்பும் அவருக்கு இருந்தன. அவருடைய புத்தகத்தைப் பெரிதாக யாரும் வாங்கவில்லை. பக்கத்து அறையில், பிறர் தூக்கத்திலிருந்து திருடிய நேரத்தில் எழுதியவரின் புத்தகம் குடும்பத்துக்குச் சோறு போட்டது. நேரம் இருந்துவிட்டால் எழுத்து வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வீட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆண்டனியின் இளமைக்காலமும் அதையே சொல்கிறது. தாயின் தோழி ஒருவரின் சிபாரிசில் 1834 இலையுதிர்காலத்தில் லண்டன் தபால் தலைமையகத்தில் இளநிலை குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 90 பவுண்டு. திருமணம் ஆகவில்லை, மாலைப் பொழுதுகள் அவருடையவை. ஏழு ஆண்டு லண்டனில் இருந்தார். ஒரு நாவல்கூட எழுதவில்லை. கடன் வாங்கினார், தாமதமாக வேலைக்கு வந்து மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கினார். 1841-இல் அயர்லாந்துக்கு மாற்றல் கேட்டுப் போனார். ஊர் ஊராகக் குதிரையில் சுற்றும் வேலை. முதல் நாவலை அங்கேதான் 1843-இல் தொடங்கினார். 1844-இல் ரோஸ் ஹெசல்டைனை மணந்தார்; இரண்டு மகன்கள் பிறந்தார்கள். பொறுப்பு கூடக் கூட எழுத்தும் கூடியது.

1850-களின் தொடக்கத்தில் தென்மேற்கு இங்கிலாந்தின் கிராமங்களுக்குத் தபால் விநியோகத்தை ஒழுங்குபடுத்தும் பணி வந்தது. ஒரு நாளைக்கு 40 மைல் வரை குதிரையில் போனார். பிறகு பெரும்பாலும் ரயில் பயணம். மடியில் வைத்து எழுத ஒரு சிறு பலகை செய்துகொண்டு, ஓடும் பெட்டியில் பென்சிலால் எழுதினார். 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதி அப்படி எழுதப்பட்டதுதான். 1858-இல் எகிப்து வழியாகத் தபால் மூட்டைகளை ரயிலில் கொண்டுபோக ஒப்பந்தம் பேச அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்தியாவுக்கு வரும் கடிதங்கள் அன்று போன பாதை அது. கப்பலில் கடல்நோய் அவரை வாட்டியது. எழுதுகிற தாளை அப்படியே விட்டு அறைக்கு ஓடி, மீண்டும் வந்து எழுதி, எகிப்தில் 'டாக்டர் தார்ன்' நாவலை முடித்தார். மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கினார்.

ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். நாள்வாரியாகக் கட்டம் போட்டு, அன்று எழுதிய பக்கங்களை அதில் பதிவார். பக்கத்துக்கு 250 சொல். வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம். குறைந்தது 20, மிஞ்சினால் 112. எழுதாத நாளின் கட்டம் காலியாக நின்று தன்னை முறைக்கும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இதைக் கலைக்கு இழுக்கு என்று பழித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அதில் இழுக்கு எதுவும் தெரியவில்லை. எழுதுகிறவர் தன்னையே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க அவர் கண்டுபிடித்த நேர்மையான வழி அது. எழுதாத வாரத்தை 'யோசித்துக்கொண்டிருந்தேன்' என்று தள்ளுபடி செய்ய அந்தக் கட்டங்கள் விடமாட்டா.

இதுவரை இருவரும் ஒரே பாதைதான். இருவருமே உலகம் தங்களை அழைக்கும் முன் எழுதி முடித்தார்கள். இருவருமே மனநிலை கூடிவரக் காத்திருக்கவில்லை. இருவருக்கும் எழுத்து வருமானம், வருமானத்தைப் பற்றிக் கூச்சமும் கிடையாது. மகன் தம் சுயசரிதையில் புத்தகம் வாரியாகக் கணக்கு எழுதி 68,939 பவுண்டு 17 ஷில்லிங் 5 பென்ஸ் என்று கூட்டிக் காட்டினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1883-இல் அது அச்சானபோது, ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். தாய் இந்தக் கணக்கை வெளியிட்டிருந்தால் முகச்சுளிப்பு இன்னும் கடுமையாக இருந்திருக்கும்.

வேறுபாடு தொடங்கும் இடம் காலை ஐந்தரை மணி காபி. 1859-இல் ஆண்டனி லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸில் குடியேறினார். அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொண்ட முதிய வேலையாள் ஒருவர் தினமும் அவரை எழுப்பிக் காபி கொண்டுவந்து தர வேண்டும். அதற்காகவே ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். அந்த ஆள் ஒருநாளும் தவறியதில்லை என்றும், தம் வெற்றிக்கு மற்ற எவரையும்விட அவருக்கே கடன்பட்டிருக்கலாம் என்றும் ஆண்டனி மனமார எழுதியிருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அந்தப் பட்டியலை நாம் இன்னும் நீட்ட வேண்டும். ரயிலில் பென்சிலால் கிறுக்கியதைப் பிரதி எடுத்துத் தந்தவர் மனைவி ரோஸ். 1871-இல் ஆஸ்திரேலியாவில் இருந்த மகனைப் பார்க்கக் கப்பலில் போனபோது, ஆண்டனியின் அறையில் எழுத ஒரு மேசை பொருத்தப்பட்டது. எட்டு வாரப் பயணத்தில் வாரத்துக்கு 66 பக்கம் வீதம் 'லேடி அன்னா' நாவலை முடித்தார். ரோஸ் உடன் இருந்தார், வீட்டுச் சமையல்காரியும் உடன் வந்தார். முதுமையில் கை வலியால் எழுத முடியாமல் போனபோது, சொல்லச் சொல்ல எழுதியவர் ரோஸின் சகோதரி மகள் ஃபுளோரன்ஸ் பிளாண்ட். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் யார் விழித்திருந்தார் என்பது அந்த நாட்குறிப்புக் கட்டங்களில் ஏறவில்லை.

புரூஜில் ஃபிரான்சஸ் எழுப்புகிறவராகவும் எழுகிறவராகவும் தாமே இருந்தார். நியாயமாகச் சொன்னால், பிற்காலத்தில் அவருக்கும் துணை கிடைத்தது. மூத்த மகன் தாமஸ் அடால்ஃபஸ் பர்மிங்காமில் பார்த்த ஆசிரியர் வேலையை விட்டு வந்து, தாயின் பயணத் துணையாகவும் பதிப்பகக் கணக்குகளைப் பார்ப்பவராகவும் ஆனார். 1839-இல் மான்செஸ்டர் ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர் படும் பாட்டை நேரில் கண்டு 'மைக்கேல் ஆம்ஸ்ட்ராங்' நாவலை எழுத ஃபிரான்சஸ் வடக்கே போனபோது அந்த மகன் கூடப் போனார். துணை வந்த பிறகுதான் சொந்த நாட்டின் ஏழைகளைப் பற்றிய இப்படிப்பட்ட நாவல்கள் வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 1842-இல் தொடங்கிய 'ஜெஸ்ஸி பிலிப்ஸ்' நாவல், மணமாகாத தாய்மார்மேல் முழுச் சுமையையும் ஏற்றிய ஏழைகள் சட்டத்தை எதிர்த்தது. அடிமை முறையைச் சாடிய நாவலைத் தவிரப் பெரும்பாலும் பரபரப்புக்கும் நகைச்சுவைக்கும் எழுதிக்கொண்டிருந்தவர், மூச்சுவிட நேரம் கிடைத்ததும் தம் நாட்டின் மிகக் கொடிய அநீதிகளைத் தேடிப் போனார்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. எழுதாத நேரத்தில் மனம் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது அது. ஆண்டனி காலையில் எழுதியது இரண்டரை மணி நேரம். ஐந்தரைக்கு உட்கார்ந்ததும் முந்தைய நாள் எழுதியதை அரைமணி நேரம் படிப்பார். அதன் பிறகுதான் பேனா ஓடும். மீதிப் பொழுது தபால் துறைக்குச் சொந்தம். ஆனால் அந்தத் துறை அவருடைய உடலைத்தான் எடுத்துக்கொண்டது. 40 மைல் குதிரைமேல் தனியாகப் போகிறவருக்கு நினைப்பதற்கு நேரம் ஏராளம். கதைமாந்தர்களோடு கூடவே வாழ வேண்டும், படுக்கும்போதும் விழிக்கும்போதும் அவர்கள் உடன் இருக்க வேண்டும் என்பது நாவலாசிரியர்களுக்கு அவர் சொன்ன முக்கியமான அறிவுரை. பார்செட்ஷயர் வரிசையின் முதல் நாவலான 'தி வார்டன்' உருவானது அலுவல் நிமித்தம் சாலிஸ்பரி போயிருந்தபோது, ஒரு கோடைக்கால மாலையில் தேவாலயத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்த வேளையில். கடிகாரத்தின் முன் அவர் வேகமாக எழுத முடிந்ததற்குக் காரணம், எழுத வேண்டியது முந்தைய நாளே மனதில் நடந்து முடிந்திருந்ததுதான். கையேடுகள் கடிகாரத்தைச் சொல்கின்றன, குதிரையைச் சொல்ல மறந்துவிடுகின்றன.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த வசதி இல்லை. அடுத்த வேளை மருந்து, அடுத்த இருமல், அடுத்த மாத வாடகை என்று மனம் முழுவதும் பிடிபட்டுவிடும். ஃபிரான்சஸின் கற்பனைக்கு மேசையருகே கிடைத்த அந்த இரவு நேரம் மட்டுமே இருந்தது. கதையை யோசிப்பதும் எழுதுவதும் அதற்குள்ளேயே நடந்தாக வேண்டும். இன்று அவருடைய நாவல்களை ஆராய்ச்சியாளர்களைத் தவிர அதிகம் பேர் படிப்பதில்லை. மகனின் நாவல்கள் கடைகளில் கிடைக்கின்றன. திறமையில் மகன் மேலானவர் என்பதை நான் மறுக்கவில்லை. மனித மனத்தின் சின்னச் சின்னத் தடுமாற்றங்களை அவர் அளவுக்குப் பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு. தாயின் பாத்திரங்கள் ஒரே வண்ணத்தில் அழுத்தித் தீட்டப்பட்டவை. ஆனால் அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதில் ஒரு பங்கையாவது ஆளில்லாத கிராமத்துச் சாலைகளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேதனையான கணக்கும் குறுக்கிடுகிறது. 1827-இல் தாய் அமெரிக்கா போனபோது ஆண்டனிக்கு வயது 12. அவரை அழைத்துப் போகவில்லை. வின்செஸ்டர் பள்ளியில் கட்டணம் கட்டாத பையனாக அவமானப்பட்டார். பிறகு பண்ணை வீட்டிலிருந்து சேற்றில் நடந்து, பணக்காரப் பிள்ளைகள் படித்த ஹாரோ பள்ளிக்குப் போனார். விளையாட யாரும் சேர்த்துக்கொள்ளாத அந்த ஆண்டுகளில், மனதுக்குள் ஒரு கதையைத் தொடங்கி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அறுபடாமல் ஓட்டும் பழக்கம் அவருக்கு வந்தது. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் தாம் நாவலாசிரியர் ஆகியிருப்பது சந்தேகம் என்கிறார். தாயின் நெருக்கடியில் நொந்த பிள்ளைதான் தாயைவிடப் பெரிய எழுத்தாளர் ஆனார். ஒரு பிள்ளையின் தனிமை எந்தப் புத்தகத்துக்கும் ஈடாகாது. அவர் தாயைக் குறை சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாம் அறிந்தவர்களுள் மிக மகிழ்ச்சியான மனம் படைத்தவர் அவரே என்று எழுதினார்.

ஆகவே, நேரமில்லாமல் எழுதத் தவிக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் மகனின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். விடியற்காலை நேரத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், நாட்குறிப்புக் கட்டங்களையும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றைவிட அவசரமாகத் தேட வேண்டியது அந்தக் குதிரைச் சவாரிக்கு இணையான ஒன்றை: பேருந்தின் ஜன்னலோர இருக்கையோ, கைபேசியை உள்ளே வைத்துவிட்டுப் போகும் ஒரு நடையோ, கை மட்டும் வேலை செய்யும் ஏதோ ஒரு பொழுதோ. அந்த நேரத்தை மற்றவர்களின் கவலைகளுக்குக் கொடுத்துவிட்டால், காலை நான்கு மணிக்கு எழுந்தும் தாள் வெறுமையாகத்தான் இருக்கும்.

எழுதாதவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மனைவியோ மகளோ அம்மாவோ கதை எழுதுகிறவராக இருந்தால், நாளைக் காலை அவருக்கு முன் எழுந்து காபி போட்டுக் கொடுங்கள். காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில் அந்த இரண்டரை மணி நேரமும் நீங்கள் உட்காருங்கள். ஆண்டனி டிரோலப்புக்கு அதைச் செய்ய ஆள் இருந்தது.